உயர்தரத்தில் காலடி வைக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்
துறைத் தெரிவும் செலவுக் கணக்கும்

(ஓய்வுநிலை ஆசிரியர் ஒருவர்)

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்ததும் ஊரில் எல்லா வாயிலும் ஒரே கேள்விதான். "என்ன துறை எடுக்கிறாய்?" கோயில் வீதியில் நின்று கேட்பார்கள், கடை வாசலில் கேட்பார்கள், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியிலும் கேட்பார்கள். பிள்ளை பதில் சொல்லுமுன்னரே "கணிதமோ, உயிரியலோ?" என்று அடுத்த கேள்வியும் வந்துவிடும். அந்த இரண்டுக்கும் அப்பால் துறைகள் உண்டென்பதோ, எந்தத் துறையாயினும் அதைப் படித்து முடிக்க வீட்டில் எவ்வளவு பணம் வேண்டும் என்பதோ அப்போது எவர் நினைவுக்கும் வருவதில்லை.

பாடத் தெரிவும் செலவும் இரு வேறு விடயங்கள் அல்ல. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். தனக்குப் பொருந்தாத துறையைத் தெரிவு செய்த பிள்ளைக்கு எத்தனை ரியூஷன் வகுப்பும் போதாது. பொருந்திய துறையில் இருக்கும் பிள்ளைக்கோ பாடசாலையும் ஒரு மேசையும் பாதிக்கு மேல் போதுமானவை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மாணவனின் கதை

இது என் மனச்சாட்சியை இன்றும் உறுத்தும் ஒரு சம்பவம். 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தகப்பனாரின் சிறிய பலசரக்குக் கடையில் மாலை வேளைகளில் கணக்கு எழுதுபவன். வரவு, செலவு, கடன், மிச்சம் எல்லாம் அவன் விரல் நுனியில் இருக்கும். சாதாரண தரத்தில் வணிகக் கல்வியில் ஏ பெற்றான். கணிதத்தில் சீ. எனினும் அவன் "கெட்டிக்காரப் பிள்ளை" என்று ஊரில் பெயரெடுத்தவன். கெட்டிக்காரப் பிள்ளை கணிதப் பிரிவுக்குத்தான் போகவேண்டும் என்று பெற்றோர் எண்ணினர். வகுப்பாசிரியனாகிய நானும் அதற்குத் தலையசைத்தேன்.

மூன்று முறை பரீட்சைக்குத் தோற்றினான். அந்த நாலைந்து வருடங்களில் தாயாரின் காப்பு இரண்டும் அடைவுக்குப் போயின. சீட்டுக் காசு முழுவதும் ரியூஷனுக்குப் போயிற்று. மூன்றாம் முறை மூன்று பாடங்களிலும் எஸ் சித்திகள் கிடைத்தன. பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஒருநாள் வீதியில் கண்டபோது, "ஏன் தம்பி, அப்போதே வணிகம் எடுத்திருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். அவன் கோபிக்கவில்லை. "சேர், எனக்குக் கணக்கீடு படிக்கத்தான் விருப்பம். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றான்.

அந்தக் கேள்வியை அப்போது நான் கேட்கத் தவறினேன். ஆகவே இனி வரும் பிள்ளைகளிடமாவது அது கேட்கப்பட வேண்டும் என்பதற்காக இதனை எழுதுகிறேன்.

முதலில் தகுதியை அறிவோம்

உயர்தர வகுப்பில் சேர, சாதாரண தரப் பரீட்சையில் முதன்மொழி, கணிதம் உட்பட 6 பாடங்களில் சித்தியும், அவற்றுள் 3 பாடங்களில் திறமைச் சித்தியும் (சீ அல்லது அதற்கு மேல்) இருக்க வேண்டும். இது பொதுத் தகுதி. இதற்கு மேலதிகமாக ஒவ்வொரு துறைக்கும் உரிய பாடத்தில் திறமைச் சித்தி கேட்கப்படும். விஞ்ஞானப் பாடத்தில் எஸ் பெற்ற பிள்ளை உயிரியல் துறைக்கு விண்ணப்பித்து, மறுக்கப்பட்ட பின் மனமுடைவதில் பயனில்லை. பெறுபேற்றுத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அதிபரையோ உயர்தரப் பகுதித் தலைவரையோ நேரில் சந்தித்து, சுற்றுநிருபத்தின்படி எந்தத் துறைகள் திறந்திருக்கின்றன என்று கேட்டறிவதே முதற் படி.

அடுத்து, அண்மையில் உள்ள பாடசாலையில் எந்தத் துறைகள் உண்டு என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் 1ஏபி வகைப் பாடசாலைகளிலேயே விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உண்டு. 1சி வகைப் பாடசாலைகளில் கலையும் வணிகமும் மாத்திரமே இருக்கும். தொழில்நுட்பத் துறை தெரிவு செய்யப்பட்ட சில பாடசாலைகளில் மட்டும் நடைபெறுகிறது. ஊர்ப் பாடசாலையில் இல்லாத துறையை எடுத்தால் நகரப் பாடசாலைக்குச் செல்ல வேண்டிவரும். பஸ் செலவு, பயண நேரம், பெண்பிள்ளையாயின் மாலையில் வீடு திரும்பும் வசதி என்பனவும் துறைத் தெரிவோடு சேர்ந்தே வருகின்றன. "இடம் கிடைத்தால் பிறகு பார்ப்போம்" என்று இவற்றை ஒத்திவைத்தல் கூடாது.

ஆறு வாசல்கள்

நம்மிற் பலர் நான்கு பாடங்களுடன் உயர்தரம் படித்தவர்கள். 2000ஆம் ஆண்டளவில் அம்முறை மாறி, முதன்மைப் பாடங்கள் மூன்றாயின. தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்து உயிரியல் ஆயிற்று. தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்து இணைந்த கணிதம் ஆயிற்று. ஆகவே "எங்கள் காலத்தில் நான்கு, இப்போது மூன்றுதானே, சுகம்" என்று எண்ணிவிட வேண்டாம். பாடத்தின் எண்ணிக்கைதான் குறைந்தது, சுமை அவ்வளவாகக் குறையவில்லை.

இன்றுள்ள துறைகளைச் சுருக்கமாகக் காண்போம்.

1. உயிரியல் விஞ்ஞானம்: உயிரியல், இரசாயனவியல் என்பவற்றோடு பௌதிகவியல் அல்லது விவசாய விஞ்ஞானம். மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றும் வேண்டும். பௌதிகவியலுக்குப் பயந்து விவசாய விஞ்ஞானத்தை எடுத்தால் மருத்துவ வாசல் அன்றே மூடப்படும். விவசாயம் சார்ந்த பட்டங்களின் வாசல் திறந்தே இருக்கும்.

2. பௌதிக விஞ்ஞானம் (கணிதப் பிரிவு): பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுப்பவருக்குக் கணினி சார்ந்த சில பட்டங்கள் கிட்டலாம். பொறியியல் பீடம் கிட்டாது.

3. வணிகம்: கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி. முகாமைத்துவம், வணிகம் சார்ந்த பட்டங்களுக்கும், கணக்கியல் தொழில்சார் பரீட்சைகளுக்கும் இது நேர் பாதை.

4. கலை: தமிழ், இந்து நாகரிகம், புவியியல், வரலாறு, அரசியல் விஞ்ஞானம், அளவையியல், நாடகமும் அரங்கியலும், சங்கீதம், பரதம், சித்திரம் எனப் பாடங்கள் பல. எவற்றை எவற்றோடு சேர்க்கலாம் என்பதற்கு விதிகள் உண்டு. "கலைதானே" என்று மூன்று பாடங்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தல் ஆகாது.

5. பொறியியல் தொழில்நுட்பம். 6. உயிர்முறைமைகள் தொழில்நுட்பம்: இவை இரண்டும் 2013இல் ஆரம்பிக்கப்பட்டு, 2015இல் முதன்முதலாகப் பரீட்சை நடைபெற்ற புதிய துறைகள். துறைக்குரிய பாடத்தோடு தொழில்நுட்பவியலுக்கான விஞ்ஞானமும், பட்டியலில் உள்ளவற்றுள் வேறொரு பாடமும் எடுக்கப்படும். செய்து பார்த்துப் படிக்கும் இயல்புள்ள பிள்ளைக்கு உகந்தவை. இவற்றுக்கெனத் தனியான தொழில்நுட்பவியல் பட்டங்கள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகிறது. ஆனால் பொறியியல் தொழில்நுட்பம் படித்து, பொறியியல் பீடத்தின் பொறியியற் பட்டத்துக்குச் செல்லலாம் என்று எண்ணுவது தவறு. இரண்டும் வெவ்வேறானவை.

இவற்றைவிட, சாதாரண தரப் பெறுபேறு எவ்வாறிருந்தாலும் பாடசாலையிலேயே தொழிற்பாடங்களைக் கற்கும் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டமும் 2017இல் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொடங்கப்பட்டது. கணிதத்தில் தவறிய பிள்ளையை வீட்டில் முடக்கி வைக்குமுன் இதனைப்பற்றி வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரிப்பது நன்று.

ஒவ்வொரு பட்டத்துக்கும் என்னென்ன பாடங்கள் வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலில் தமிழிலேயே உள்ளது. பலர் அதனை உயர்தரப் பெறுபேறு வந்த பின்னர்தான் முதன்முதலாகத் திறக்கிறார்கள். அது பஸ் போன பின் நேரசூசி பார்ப்பது போன்றது. பாடம் தெரிவு செய்யுமுன் சென்ற ஆண்டுக் கைந்நூலை ஒருமுறை புரட்டுங்கள். முன்பு விண்ணப்பித்த பிள்ளையின் வீட்டில் ஒரு பிரதி நிச்சயம் இருக்கும்.

"இலேசான பாடம்" என்ற மயக்கம்

"இந்தப் பாடத்துக்குப் புள்ளி அள்ளிப் போடுவார்கள்" என்று யாரோ சொல்வதைக் கேட்டுப் பாடம் எடுப்போர் பலர். பல்கலைக்கழக அனுமதி வெறும் புள்ளிகளைக் கொண்டு நடப்பதில்லை. இசட் புள்ளியைக் கொண்டே நடக்கிறது. அது என்னவென்று ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன்.

ஒரு பாடத்தில் பரீட்சைக்குத் தோற்றிய அனைவரதும் சராசரி 40 என்றும், புள்ளிகளின் பரவலைக் காட்டும் நியம விலகல் 15 என்றும் வைத்துக்கொள்வோம். அதில் 70 எடுத்தவர் சராசரியைவிட 30 கூடுதலாக எடுத்துள்ளார். 30ஐ 15ஆல் வகுத்தால் 2. இதுவே அவருடைய இசட் புள்ளி. இன்னொரு பாடம் "இலேசானது". சராசரி 60, நியம விலகல் 10. அதிலும் ஒருவர் 70 எடுக்கிறார். சராசரியைவிடக் கூடியது 10தான். 10ஐ 10ஆல் வகுத்தால் 1. இருவரும் எடுத்தது 70. கிடைத்ததோ ஒருவருக்கு 2, மற்றவருக்கு 1. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளின் சராசரியே இறுதியிற் கணக்கில் எடுக்கப்படும்.

இதன் பொருள் என்ன? எல்லோருக்கும் இலேசான பாடத்தில் முன்னுக்கு வருவது இலேசல்ல. பாடம் இலகுவா கடினமா என்பதைவிட, அப்பாடத்தைப் படிக்கும் மற்றவர்களைவிட நீங்கள் எவ்வளவு முன்னே நிற்பீர்கள் என்பதே முக்கியம். முன்னே நிற்கச் செய்வது விருப்பமும் நாளாந்தப் பயிற்சியும்தான்.

பெரும்பாலான பட்டநெறிகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதி வரிசைப்படியும், 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. எனவே கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், வேறொரு மாவட்டத்து வெட்டுப்புள்ளியைப் பார்த்து மெத்தனமாக இருக்கவும் வேண்டாம். சொந்த மாவட்டத்துக்குரிய கடந்த இரண்டு மூன்று வருட வெட்டுப்புள்ளிகளைப் பாருங்கள்.

முதன்மைப் பாடங்களுக்கு அப்பால் பொதுச் சாதாரண பரீட்சையும் உண்டு. அதில் ஆகக் குறைந்தது 30 புள்ளிகள் பெறாதவர் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறார். பொது ஆங்கிலம் இசட் புள்ளியிற் சேராது என்பதால் பலர் அதைக் கைவிடுகின்றனர். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் எல்லாம் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திற்றான் கற்பிக்கப்படுகின்றன என்பதை அங்கு சென்ற பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள். தினமும் அரைமணி நேர ஆங்கில வாசிப்புக்குச் செலவு எதுவும் இல்லை.

தெரிவு செய்வது எப்படி?

பிள்ளை தன்னிடமே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

ஒன்று: எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறேன்? சாதாரண தரத்தில் விருப்பத்தோடு கொப்பியைத் திறந்த பாடம் எது, திறக்கப் பின்வாங்கிய பாடம் எது என்பது பிள்ளைக்கு மட்டுமே தெரியும்.

இரண்டு: என் புள்ளிகள் என்ன சொல்கின்றன? பெறுபேற்றுத் தாளில் உள்ள ஓர் எழுத்தை மட்டும் பாராமல், 10ஆம், 11ஆம் ஆண்டுத் தவணைப் பரீட்சைப் புள்ளிகளையும் எடுத்துப் பாருங்கள். ஆறு தவணைகளிலும் ஒரே மாதிரி வந்த புள்ளி உண்மை சொல்லும்.

மூன்று: இத்துறையில் எனக்குப் பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் அடுத்து என்ன செய்வேன்? இதற்குப் பதில் உள்ள துறையே பாதுகாப்பான துறை.

இவற்றுக்குப் பதில் எழுதிய பின், விரும்பும் துறையின் பாடத்திட்டத்தையும் இரண்டு கடந்தகால வினாத்தாள்களையும் எடுத்துப் பாருங்கள். அந்தத் துறையில் இப்போது 13ஆம் ஆண்டு படிக்கும் ஓர் அண்ணனிடமோ அக்காவிடமோ ஒரு மணி நேரம் பேசுங்கள். பாடம் ஆரம்பித்து ஓரிரு மாதங்களில் துறை பொருந்தவில்லை என்று உணர்ந்தால் உடனே பெற்றோரிடமும் வகுப்பாசிரியரிடமும் சொல்லுங்கள். முதல் தவணையில் மாறுவது வெட்கமல்ல. மூன்றாம் முறை தோற்றிய பின் "முதலிலேயே தெரியும்" என்று சொல்வதுதான் வேதனை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "நீ விரும்பியதைப் படி" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளையின் துறையைப் பற்றிப் பெருமூச்சு விடாதீர்கள். பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் பெருமூச்சையே அதிகம் கேட்கிறார்கள்.

இரண்டு வருடக் கணக்கு

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. பிள்ளையின் படிப்புக்குப் போடுவதையும் அளந்தே போடவேண்டும். அளப்பது கஞ்சத்தனத்துக்காக அல்ல. இடைநடுவில் காசு முடிந்து படிப்புத் தடைப்படாமல் இருப்பதற்காகவே.

செலவுகளை மூன்று பட்டியலாக எழுதுங்கள். ஒருமுறைச் செலவு: சீருடை, சப்பாத்து, பாடசாலைக் கட்டணங்கள், சைக்கிள் திருத்தம். மாதாந்தச் செலவு: பஸ், கொப்பி, நிழற்பிரதி, தொலைபேசி டேட்டா, சிற்றுண்டி, ரியூஷன். எதிர்பாராச் செலவு: கருத்தரங்கு, மாதிரிப் பரீட்சை, செயன்முறைப் பொருட்கள், நோய். 11ஆம் ஆண்டு வரை பாடநூல்கள் இலவசமாகக் கிடைத்தன. உயர்தரத்துக்கு அவ்வாறு இல்லை. இதனைப் பல பெற்றோர் முதலாம் மாதத்திற்றான் அறிகின்றனர்.

இவற்றுள் மிகப் பெரியது ரியூஷன். அது ஒரு செலவல்ல, மூன்று செலவு. முதலில் "தியறி" வகுப்பு, பின்னர் "ரிவிஷன்" வகுப்பு, கடைசியில் "பேப்பர்" வகுப்பு. கணக்குப் பார்ப்போம். ஒரு வகுப்புக்கு மாதம் 2,000 ரூபா என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மூன்று பாடங்களுக்கும் தியறி வகுப்பு 24 மாதங்கள்: 144,000 ரூபா. இரண்டாம் வருடத்தில் மூன்று பாடங்களுக்கும் ரிவிஷனும் பேப்பரும் சேர்ந்தால் மேலும் ஆறு வகுப்புகள், 12 மாதங்கள்: இன்னொரு 144,000 ரூபா. மொத்தம் 288,000 ரூபா. இதில் பஸ் கட்டணம் சேரவில்லை.

இப்போது வேறு விதமாகப் பார்ப்போம். பிள்ளை மிகவும் பின்தங்கிய ஒரு பாடத்துக்கு மட்டும் 24 மாதங்கள் தியறி வகுப்பு: 48,000 ரூபா. பரீட்சைக்கு முந்திய ஆறு மாதங்கள் மூன்று பாடங்களுக்கும் பேப்பர் வகுப்பு: 36,000 ரூபா. மொத்தம் 84,000 ரூபா. இரண்டுக்கும் வித்தியாசம் 204,000 ரூபா. உங்கள் ஊரின் உண்மையான கட்டணத்தை இட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

பணத்தைவிடப் பெரிய நட்டம் ஒன்றும் உண்டு. காலையில் வகுப்பு, பாடசாலை முடிந்து வகுப்பு, சனி ஞாயிறு முழுநாளும் வகுப்பு என்று ஓடும் பிள்ளை எப்போது தானே இருந்து படிப்பது? கேட்டது அறிவாக மாறுவது தனியே மேசையில் இருந்து கணக்குச் செய்யும்போதுதான். ரியூஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு அது தேவையே. ஆனால் "எல்லோரும் போகிறார்கள்" என்பது ஒரு வகுப்புக்குப் போவதற்குரிய காரணம் ஆகாது.

சிக்கனத்துக்குச் சில வழிகள்

பாடசாலைக்கு ஒழுங்காகச் செல்லுங்கள். அங்குள்ள ஆசிரியருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. பாடம் முடிந்ததும் அவரிடம் கேட்கும் ஐந்து கேள்விக்குக் கட்டணம் இல்லை.

தேசிய கல்வி நிறுவகம் உயர்தரப் பாடங்களுக்கான பாடத்திட்டங்களையும் ஆசிரியர் வழிகாட்டிகளையும், பல பாடங்களுக்கு வளநூல்களையும் தமிழில் வெளியிட்டுள்ளது. இணையத்தில் இலவசமாகப் பெறலாம். ஒவ்வோர் அலகுக்கும் எத்தனை பாடவேளை ஒதுக்கப்பட்டுள்ளது என்பதும் அதில் இருக்கும். எது பெரிய அலகு, எது சிறிய அலகு என்று அதிலிருந்தே அறியலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்திலும் பாடங்கள் உள்ளன. பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களையும் புள்ளித்திட்டங்களையும் தேடிப் பெறுங்கள். பரீட்சகர் எதற்குப் புள்ளி கொடுக்கிறார் என்பதைப் புள்ளித்திட்டத்தைப் போல் வேறெந்த வகுப்பும் காட்டித் தராது.

பரீட்சை எழுதி முடித்தவர்களின் நூல்களையும் கொப்பிகளையும் பாதி விலைக்கோ இலவசமாகவோ பெறலாம். பாடத்திட்டம் மாறியுள்ளதா என்று மட்டும் முதலில் ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு நூலை வாங்கி முறைவைத்துப் படிக்கலாம். பஸ்ஸில் செல்வோர் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் மாணவர் பருவச்சீட்டைப் பாடசாலை மூலம் எடுக்கத் தவற வேண்டாம்.

உதவி பெறுவதிற் கூச்சம் வேண்டாம். தரம் 5 புலமைப்பரிசில் உதவிப்பணம் பெறும் பிள்ளைகள், பாடசாலை மாறும்போது அது தடைப்படாமல் இருக்க உரிய கடிதங்களை உடனே ஒப்படைக்க வேண்டும். ஜனாதிபதி நிதியமும் அண்மைய வருடங்களில் குறைந்த வருமானம் பெறும் குடும்பங்களைச் சேர்ந்த உயர்தர மாணவர்களுக்குக் கல்வி வலய ரீதியாகப் புலமைப்பரிசில் வழங்கியுள்ளது. பாடசாலை அறிவித்தற் பலகையைப் பார்க்காததால் மட்டுமே இத்தகைய உதவிகளை இழந்த பிள்ளைகளை நான் அறிவேன். பழைய மாணவர் சங்கங்களிடமும், புலம்பெயர்ந்த ஊரவர்களிடமும் கேட்கும்போது, "காசு தாருங்கள்" என்று பொதுவாகக் கேளாமல், இன்ன பாடத்துக்கு, இத்தனை மாதத்துக்கு, இவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். கணக்கோடு கேட்பவருக்குக் கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பர்.

குடும்பத்தில் ஒளிவு மறைவு வேண்டாம்

பல வீடுகளில் கடன்பட்டுப் படிப்பிப்பதைப் பிள்ளைக்குச் சொல்வதில்லை. "அதுக்கு ஏன் கவலை, அது படிக்கட்டும்" என்பார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு வீட்டின் நிலை தெரியாமல் இருப்பதில்லை. அரைகுறையாகத் தெரிவதுதான் பயத்தைத் தருகிறது. பிள்ளையையும் இருத்தி, ஒரு கொப்பியில் மாத வரவையும் படிப்புச் செலவையும் எழுதுங்கள். எந்த வகுப்பு வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். இப்படிக் கணக்குப் பார்த்துப் பழகிய பிள்ளை பல்கலைக்கழக விடுதியிலும் தடுமாறாது.

சில எல்லைகளையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள். மாத வட்டிக்குக் கடன் வாங்கி ரியூஷனுக்குக் கட்டுவதில்லை. தம்பி தங்கையின் சாப்பாட்டில் கைவைப்பதில்லை. வருமானம் தரும் காணியையோ தொழிற் கருவியையோ ஈடு வைப்பதில்லை. இந்த எல்லைக்குள் அடங்காத படிப்புத் திட்டம் எங்கோ பிழையாக வகுக்கப்பட்டுள்ளது என்று கொள்ளலாம்.

ஒரு வாசல் மூடினால்

பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று முறை தோற்றலாம். தகுதி பெறும் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. அதற்காக வாழ்க்கை முடிந்துவிடாது. தேசிய கல்வியியற் கல்லூரிகள், உயர் தேசிய டிப்ளோமா நடத்தும் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகங்கள், தொழில்நுட்பக் கல்லூரிகள், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் என வழிகள் பல. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்ப் படிகளில் ஏறி 7ஆம் மட்டத்தில் பட்டம் வரை செல்லவும் முடியும். இரண்டாம் முறை தோற்றுமுன் இவற்றின் விண்ணப்பத் திகதிகளையும் குறித்து வையுங்கள். மூன்றாம் முறைக்குச் செலவிடும் வருடமும் பணமும் இவற்றுள் ஒன்றுக்குச் செலவிடப்பட்டால் எதைத் தரும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிறைவாக

மேலே சொன்ன மாணவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஒரு கடையில் வேலை செய்துகொண்டே ஏ.ஏ.ரி. கணக்கியற் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதினான். இன்று ஒரு நிறுவனத்தின் கணக்குகளைப் பொறுப்பாகப் பார்க்கிறான். தாயாரின் காப்பை மீட்டுக் கொடுத்துவிட்டான். ஆனால் அவன் இழந்த அந்த வருடங்களை மீட்டுக் கொடுக்க என்னால் முடியவில்லை.

ஒவ்வொரு வருடமும் நவராத்திரியில் நம் கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் புத்தகங்களை அடுக்கி வைத்து வணங்குகிறார்கள். பரீட்சை எழுதி முடித்தவர்கள் தம் நூல்களையும் வினாத்தாள்களையும் அங்கே, அல்லது நமது சனசமூக நிலைய வாசிகசாலையிலே, அடுத்துப் படிக்கப் போகும் பிள்ளைக்கென விட்டுச் செல்வார்களாயின் அது பெரும் தர்மமாகும். பெரியவர்களும் ஒரு காரியம் செய்யலாம். இம்முறை பெறுபேறு வந்ததும், "என்ன துறை எடுக்கிறாய்?" என்று கேட்குமுன், "உனக்கு எது படிக்க விருப்பம்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் தத்தமக்குப் பொருந்திய கல்வியைக் கற்று, வீட்டுக்குப் பாரமாகாது, நாட்டுக்கும் ஊருக்கும் பயன்பட வாழ எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.